பேச்சி சவுண்ட் சர்வீஸ்

உக்காருங்க அண்ணாச்சி, தாராளமா உக்காருங்க. என் தம்பி கடைசி நேரத்துலயாவது வந்துருவான்னு துண்டு போட்டு வச்ச பஸ் சீட்டு, அவன் வரல. அவனைக் கூட்டிட்டுப் போகத்தான் மதுரைக்கு வந்தேன், ஒத்தையில திரும்புதேன். நீங்க கோவில்பட்டிதானே? மூஞ்சியப் பாத்தாலே சொல்லிருவேன். சாத்தூரா? சரி, ரெண்டும் ஒரே ரோட்டுலதானே இருக்கு.

என் குரலை எங்கயோ கேட்டாப்புல இருக்கணுமே உங்களுக்கு. வள்ளியூர்ப் பக்கம் கோயில் கொடைத் திருவிழா பாக்க வந்ததுண்டா? 'பக்தகோடிப் பெருமக்களுக்கு ஓர் அன்பான அறிவிப்பு'ன்னு குழாயில ஒரு குரல் வரும்லா, அது நான்தான். பேச்சிமுத்து. பேச்சி சவுண்ட் சர்வீஸ். மைக் செட்டும் என்னது, குரலும் என்னது. கல்யாணம், கொடை, எலக்‌ஷன், துட்டி வீடு, எல்லாத்துக்கும் நான்தான். செத்தவன் வீட்டுக்காரங்களே என் அறிவிப்பைக் கேட்ட பெறவுதான் ஒழுங்கா அழ ஆரம்பிப்பாங்க.

இப்பேர்ப்பட்ட ஒருத்தனைப் படம் எடுக்க வந்தவ, அவன் மூஞ்சிய ஒரு இடத்துல கூடக் காட்டாம எடுத்து முடிச்சா, அவளை என்னன்னு சொல்லுவீங்க? நீங்க சொல்லவே வேண்டாம். 'கூறு கெட்டவ'ன்னுதான் சொல்லுவீங்க.

சுகிர்தான்னு பேரு. கோயம்புத்தூர்க்காரி. 'சுயாதீன இயக்குநர்'னு கார்டு அடிச்சு வச்சிருக்கா. அப்படின்னா என்னம்மான்னு கேட்டேன். கூட வந்த கேமராக்காரன்தான் சொன்னான், எந்தக் கம்பெனியையும் நம்பாம தானா எடுக்கிறதாம். அதாவது எந்தக் கம்பெனிக்காரனும் இவளை வாசல்ல சேக்கல. அதுக்கு ஒரு பேரு, அதுக்கு ஒரு கார்டு.

இதுக்கு முந்தி என்னத்த எடுத்துக் கிழிச்சிருக்கான்னு பாத்தேன். காது கேக்காத ரெண்டு பேரு கல்யாணம் முடிச்சுக் குடித்தனம் நடத்துறது ஒரு படம். முக்காவாசிக்குச் சத்தமே கிடையாது. சவுண்ட் சர்வீஸ் வச்சிருக்கிறவன் வீட்டுல கொண்டாந்து அதைப் போட்டுக் காட்டுதா, பாத்துக்கிடுங்க! இன்னொண்ணு, பிள்ளை பெத்த பெறவு மனசு கலங்கிப் போன பொம்பளயப் பத்தி. அவ ஜன்னல் வழியாப் பாக்கா. பாக்கா, பாக்கா, பாத்துக்கிட்டே இருக்கா. படம் முடிஞ்சுட்டு. இதுக்கு வெளிநாட்டுல ஏதோ பரிசு வேற குடுத்திருக்கான். அவனுக்கும் கோட்டிதான் பிடிச்சிருக்கும்.

இதுல பெரிய கூத்து என்னன்னா, அவளே திக்குவாய். வணக்கம் சொல்லணும்னு வாசல்ல நின்னு 'வ... வ...'ங்கா. நாங்க வாங்கன்னு கூப்பிட்டு, பாயை விரிச்சு, ஃபேனையும் போட்டாச்சு. அவ இன்னும் 'க்கம்'முக்கு வந்து சேரல. ஆடத் தெரியாதவ ஆட்டம் சொல்லிக் குடுக்க வந்த மாதிரி, பேச வராதவ ஊரைப் பேட்டி எடுக்க வந்துட்டா. ஆனா அவளுக்கு அதுல ஒரு வெக்கம் கிடையாது. கூச்சமே இல்லாம, நிதானமா, நிக்கிற எழுத்துல நின்னு, வர்றப்ப வரட்டும்னு பேசுதா. எனக்கு அதுதான் எரிச்சல். ஒரு குறை இருந்தா அதை மறைக்கணும்ங்கிற மரியாதை வேண்டாமா?

அவ வந்தது என் தம்பிக்காக. மாகாளின்னு பேரு, எனக்கு ரொம்ப இளையவன். திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை பாத்துக்கிட்டு நல்லாத்தான் இருந்தான். திடீர்னு ஒருநாள், யாரோ காதுக்குள்ள பேசுதாங்கன்னு ராவும் பகலும் தூங்காம இருந்திருக்கான், ரூமுல இருந்தவங்க கொண்டாந்து விட்டுட்டுப் போனாங்க. எங்க ஊர்ல அதுக்கு கோட்டின்னுதான் சொல்லுவோம். சுகிர்தா அந்த வார்த்தையச் சொல்லக்கூடாதாம். எங்க ஆத்தா காலத்து வார்த்தைக்கு இவகிட்ட அனுமதி வாங்கணுமாம்.

நான் அவனை விட்டுரல அண்ணாச்சி. அதை மட்டும் யாரும் சொல்ல முடியாது. கோயில்ல கொண்டுபோய்க் கட்டிப் போடுன்னு சொந்தக்காரன் அத்தனை பேரும் சொன்னான். அவங்க வாசப்படியை நான் அதோட மிதிக்கல. நேரா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். மாத்திரையத் தவற விட்டதில்ல. குளிக்க வச்சேன், சவரம் பண்ணி விட்டேன். அவன் பேச்சை நிறுத்துன பெறவு அவனுக்காகப் பேசுனதும் நான்தான். டாக்டர் அவனைத்தான் கேப்பாரு, நான் பதில் சொல்லுவேன். தூக்கம் வருதா? வருது சார். பசிக்குதா? பசிக்கு சார். இன்னும் காதுல யாரும் பேசுத மாதிரி இருக்கான்னு ஒருதடவை கேட்டாரு. 'என் ஒருத்தன் குரல்தான் சார் அவனுக்குக் கேக்கும்'னேன். டாக்டரே சிரிச்சுட்டாரு.

பத்துப் பன்னெண்டு வருஷமா ஒரு வார்த்தை பேசல அவன். எனக்கு அது குறையாவே தெரியல, ஏன்னா அவன் என்ன நினைக்கான்னு அவன் நினைக்கதுக்கு முந்தியே எனக்குத் தெரிஞ்சுரும்.

அன்னைக்கு வீட்டுல நானும், என் வீட்டுக்காரி வடிவும், மாகாளியும் இருக்கோம். சுகிர்தா நேரா மாகாளி பக்கத்துல போயி உக்காந்தா. நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், அவன்கிட்ட கேக்கா, 'உங்களப் படம் எ...எடுக்கலாமுங்களா?'ன்னு. 'எடுக்கலாம், எடுக்கலாம், அவனுக்குப் பூரண சம்மதம்'னு நான் சொன்னேன். அவ என்னப் பாக்கல. அவனையே பாத்துக்கிட்டு இருந்தா. ரொம்ப நேரம் கழிச்சு அவன் தலையசைச்சான். அதான் நான் அப்பவே சொல்லிட்டேனேன்னேன்.

அதுக்கப்புறம்தான் என் பக்கம் திரும்புதா. 'அண்ணா, படத்துல நீங்க பேச வே... வே... வே...'ன்னா.

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! எங்க பக்கத்துல 'வே'ன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும்லா? 'என்ன வே', 'வாரும் வே'ன்னு சோட்டாளுங்க, ஒரே வயசுக்காரங்க, கூப்பிட்டுக்கிடுகது. நேத்துப் பிறந்த பிள்ளை, என் வீட்டுப் பாயில உக்காந்துக்கிட்டு, என் மூஞ்சியப் பாத்து 'வே'ங்கா! 'யாரைப் பாத்து வே-ங்க நீ?'ன்னு எந்திரிச்சுட்டேன். வேட்டியக் கூட மடிச்சுக் கட்டிட்டேன். கேமராக்காரன்தான் குறுக்க விழுந்து, 'ஐயா, அவங்களுக்கு வார்த்தை நிக்குதுங்க, வேற ஒண்ணும் இல்லீங்க'ன்னு உக்கார வச்சான்.

சரி, பாவம்னு மனசு இறங்கி, அந்த வார்த்தைய நானே முடிச்சு வச்சேன். 'நான் பேச வேணும், அதானே? பேசுதேன்மா. பேச்சி பேசாம யாரு பேசுவா?' அவ தலைய இப்படி இப்படி ஆட்டுதா. திக்குறவங்களுக்குத் தலையும் சேந்து ஆடும் போலன்னு விட்டுட்டேன். மறுபடியும் 'வே'ன்னு ஆரம்பிச்சா. 'வேற சட்டையா? இருக்கு, பட்டுச் சட்டை மாத்திருதேன்'னேன். அதுக்கும் தலைய ஆட்டிட்டு, மறுபடியும் 'வே'ங்கா. 'வேட்டியத் தழையத் தழையக் கட்டணுமா? கட்டிருவோம்'னேன். அவ வாயை மூடிக்கிட்டா. மாகாளி சிரிச்சான். அவன் சிரிச்சுப் பாத்து வருஷக்கணக்காச்சு. எதுக்குலே சிரிக்கன்னேன்.

பேசுனேன் அண்ணாச்சி. என் ஆயுசுல அப்படிப் பேசுனதில்ல. பட்டுச் சட்டையப் போட்டுக்கிட்டு, நாற்காலியில உக்காந்து, மாகாளி சின்னதுல எப்படி இருந்தான், எப்படிச் சீக்கு வந்தது, நான் என்னென்ன பாடுபட்டேன், எல்லாத்தையும் ஏத்த இறக்கத்தோட சொன்னேன். தெருவே வாசல்ல நின்னு கேட்டது. வடிவு பாதியிலேயே கொல்லைப்பக்கம் போயிட்டா, அவளுக்கு ரசனை கிடையாது. கேமரா என்னையா பாக்குது, இல்ல பக்கத்துல இருக்கிற மாகாளியப் பாக்குதான்னு நான் கவனிக்கல. பேசுறப்ப எனக்கு எதையும் கவனிக்கிற பழக்கம் இல்ல.

நடுவுல சங்கரன்கோவில் பக்கம் ஒரு கொடைக்கு நான் போகவேண்டியதாப் போச்சு. திரும்பி வந்து என்னத்த எடுத்தீங்கன்னு கேமராக்காரன்கிட்ட கேட்டா, 'ரெண்டு பேரும் உக்காந்திருந்தாங்க'ங்கான். அவ ஒரு கேள்வி கேக்க அரை நாழி. இவன் அதைப் பொறுமையா இருந்து கேக்கான். பெறவு இவன் சும்மா இருக்கான், அவ சும்மா இருக்கா. நல்ல ஜோடிப் பொருத்தம்னு சொல்லிச் சிரிச்சேன். அந்தப் படத்தைப் பாக்கிறதுக்கு எந்தக் கிறுக்கன் வருவான்னு அவ காதுபடவே சொன்னேன்.

திருநெல்வேலியில ஒரு மண்டபத்துல படத்தைப் போட்டா. நான் வேன் வச்சு ஊரையே அள்ளிட்டுப் போனேன். ஹீரோ நான்தான்னு எல்லாத்துகிட்டயும் சொல்லி வச்சிருந்தேன், அதுல என்ன பொய்? முன்வரிசையில உக்காந்தோம். படம் ஆரம்பிச்சுது. என் குரல் வருது, கணீர்னு வருது. கைதட்டுறதுக்குத் தயாரா இருக்கோம். திரையில மாகாளி மூஞ்சி. என் குரல் போயிக்கிட்டே இருக்கு, மாகாளி மூஞ்சி போகவே மாட்டேங்குது. நான் என் தியாகத்தைச் சொல்லுதேன், அவன் நகத்தைப் பாத்துட்டு இருக்கான். நான் அழுது பேசுத இடம் வருது, அவன் ஒரு எறும்பு போறதப் பாக்கான். அரைப் படத்துக்கு இப்படி. சரி, அடுத்த சீன்ல நம்மளக் காட்டுவா, இதுல காட்டுவான்னு நானும் நிமிந்து நிமிந்து உக்காருதேன். பக்கத்துல ஒருத்தன் 'அண்ணாச்சி, ரேடியோ நாடகமா இது?'ங்கான்.

அப்புறம் என் குரல் நின்னுட்டு. நான் கொடைக்குப் போயிருந்த சமயம் எடுத்தது போல. அவ கேக்கா, 'நீ...நீங்க ஏன் இவ்ளோ நா...நாள் பேசல?' ரொம்ப நேரம் ஒண்ணும் நடக்கல. ஃபிலிம் அறுந்துபோச்சோன்னு நான் திரும்பிப் பாத்தேன். அப்ப மாகாளி வாயைத் திறந்து பேசுதான், அண்ணாச்சி. என் தம்பி. பிசிறில்லாத குரல்.

'அண்ணன் பேசிட்டு இருந்தான். முடிக்கட்டும்னு இருந்தேன்.'

மண்டபத்துல ஒரே ஒரு ஆள் சிரிச்சது. யாருன்னு நினைக்கீங்க? என் வீட்டுக்காரி வடிவு. முந்தானைய வாயில வச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர வரச் சிரிக்கா. வீட்டுக்கு வாடின்னேன். அதுக்கும் சிரிக்கா.

அதெல்லாம் வெட்டி ஒட்டுற வேலை, அண்ணாச்சி. அவன் எதையோ சொல்லியிருப்பான், இவ முன்னயும் பின்னயும் நறுக்கி அப்படி வச்சிட்டா. எனக்குத் தெரியாதா? சவுண்ட் ஃபீல்டுல எவ்வளவு காலம் இருக்கேன். வாசல்ல வச்சு அவளை மடக்கிட்டேன். 'நீதானம்மா என்னைப் பேசச் சொன்ன? பேசச் சொல்லிட்டு மூஞ்சியக் காட்டாம மோசம் பண்ணிட்டியே?'ன்னேன். அவ பதில் சொல்ல ஆரம்பிச்சா, எனக்குப் பொறுமை இல்ல. கேமராக்காரன்தான் சொன்னான், 'ஐயா, அன்னைக்கு அவங்க சொல்ல வந்தது நீங்க பேச வேண்டாம்னுங்க. கொஞ்ச நேரம் சும்மா மட்டும் உக்காருங்கன்னு கேக்க வந்தாங்க.' எப்படி இருக்கு பாருங்க! வேணுமும் வேண்டாமும் ஒரே எழுத்துல ஆரம்பிச்சா அதுக்கு நானா பொறுப்பு? வேண்டாம்னு சொல்ல வக்கில்லாதவ எதுக்குப் படம் எடுக்க வாரா?

அதோட விட்டிருந்தாக் கூட மறந்திருப்பேன். மதுரையில ஒரு வீடு இருக்காம். மாகாளி மாதிரி நாலஞ்சு பேரு அங்க சேந்து இருக்காங்களாம். அவங்களே சமைச்சு, அவங்களே துவைச்சு, வேலைக்கும் போய் வாராங்களாம். ஒரு டாக்டரம்மா வந்து வந்து பாத்துக்கிடுகாங்களாம். இதை சுகிர்தா மாகாளிகிட்ட சொல்லியிருக்கா. அவனும் போறேன்னுட்டான். எங்கிட்ட சொல்லல. வடிவுகிட்ட சொல்லியிருக்கான், வாயைத் திறந்து. அவகிட்ட கொஞ்ச நாளாவே அடுக்களையில நின்னு பேசுதானாம், எனக்குத்தான் தெரியல. நான் ஒரு கல்யாணத்துக்கு செட்டுப் போட்டுட்டு வாரேன், வீட்டுல அவன் படுக்கிற பாய் சுருட்டி வச்சிருக்கு. வடிவே பையில துணி எடுத்து வச்சு பஸ் ஏத்திவிட்டிருக்கா. 'அவருக்கு விருப்பம்னா போயிட்டுப் போறாரு'ங்கா. விருப்பமாம்!

உங்ககிட்ட சொன்னா என்ன. எனக்கு அவன் இல்லாம ஓடல, அண்ணாச்சி. கொடை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, அங்க யாரு வந்தா, எவன் சண்டை போட்டான், எந்த எம்.எல்.ஏ. பேரை நான் எப்படி முழங்குனேன், எல்லாம் அவன்கிட்டதான் சொல்லுவேன். வடிவு ரெண்டு நிமிஷத்துல தூங்கிருவா. அவன் கண்ணு முழிச்சு உக்காந்து கேப்பான். ஊருக்கெல்லாம் மைக்குல பேசுதேன், எவனாவது கேக்கானா? அவன் ஒருத்தன்தான் கேட்டான். இப்ப வீட்டுல உக்காந்து வாயைத் திறந்தா எனக்கே என் குரல் பிடிக்கல.

அதான் இன்னைக்கு வந்தேன், எப்படியும் கூட்டிட்டுப் போயிரணும்னு. சின்ன வீடுதான். முன்னால நாலு செம்பருத்தி. சுகிர்தாவும் அங்க இருந்தா, கேமரா இல்ல, சும்மா பாக்க வந்திருப்பா. மாகாளி கொஞ்சம் சதை போட்டிருக்கான். செடி விக்கிற நர்சரியில வேலைக்குப் போறானாம். செடிக்குத் தண்ணி ஊத்துறது ஒரு வேலையான்னு கேட்டேன். பெறவு ஆரம்பிச்சேன். ஊர் நிலவரம், இவன் போனதுல எனக்கு ஏற்பட்ட தலைகுனிவு, நான் மைக் கட்டப் போன துட்டி வீட்டுல எல்லாரும் இவனைப் பத்தி என்ன கேட்டாங்க, ஒண்ணையும் விடல. அவன் கேட்டுக்கிட்டே இருந்தான், பழைய மாதிரியே. எனக்கு மனசு குளுந்துட்டு. பெறவு எந்திரிச்சு உள்ள போனான். துணிய எடுத்து வைக்கத்தான் போறான்னு நினைச்சு நான் இங்கருந்தே பேசிட்டு இருந்தேன்.

திரும்பி வாரான், கையில ஒரு டம்ளர். என் முன்னால நின்னான். என் கண்ணப் பாத்தான். 'அண்ணே, நா...'ன்னான்.

என்கிட்ட பேசுதான், அண்ணாச்சி! இத்தனை வருஷம் கழிச்சு, என்கிட்ட! 'நானும் வாரேன், அதானலே? வா, வா, பையை எடு, பஸ்ஸுக்கு நேரம் இருக்கு'ன்னேன். அவன் வாய் அப்படியே மூடிக்கிட்டு. டம்ளரை என் கையில குடுத்தான். கொஞ்ச நேரம் நின்னான். வேலைக்கு நேரமாச்சு போல, சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். நான் வாசல் வரைக்கும் போய் 'மாகாளி, மாகாளி'ன்னேன். என் குரல் கேக்காம இருக்குமா? திரும்பல.

சுகிர்தாகிட்ட கேட்டேன், கேக்கவே பிடிக்கல, ஆனாலும் கேட்டேன். 'என்ன சொல்ல வந்தான்?' அவ யோசிச்சு, தடுமாறி, நிதானமாச் சொல்லுதா, 'தெ...தெரியாதுங்கண்ணா. அவரு இ...இன்னும் சொல்லலீங்களே.' பாத்தீங்களா? இவ்வளவுதான் அவ லட்சணம். எனக்குத் தெரியுது, அவளுக்குத் தெரியல. இவ இவனைப் பத்திப் படம் எடுத்து ஊர் ஊராக் காட்டுதா.

டம்ளர்ல டீ. எங்க வீட்டுல அவனை அடுப்புப் பக்கமே விட்டதில்ல, தீப்பெட்டியக் கையில குடுத்ததில்ல. எதையாவது பத்த வச்சுருவான்னு பயம். அங்க அவனே அடுப்பைப் பத்த வச்சு, பால் காய்ச்சி, இஞ்சி தட்டிப் போட்டுக் கொண்டாந்திருக்கான். எனக்குச் சீனி ஆகாது, அதையும் நெனப்பு வச்சுச் சீனி போடல. நான் கவனிக்கல, கடையில வாங்குனதுன்னு நினைச்சு மடமடன்னு குடிச்சுட்டு வந்துட்டேன். இப்ப, இந்தத் திருமங்கலம் தாண்டுறப்பதான் நாக்குல அந்த இஞ்சி வாசம் தட்டுது. 'நானே போட்டேன்'னு சொல்ல வந்திருப்பானோ? நா-ன்னு ஆரம்பிச்சா நானே-யும் வரும்லா?

நீங்க என்ன சொல்ல வாரீங்கன்னு தெரியுது. இருங்க, நான் முடிச்சுக்கிடுதேன்.

நல்ல டீ, அண்ணாச்சி. பொய் சொல்லல, வடிவு கூட அப்படிப் போட்டதில்ல. அங்க உக்காந்து எவ்வளவு பேசுனேன், ஊர்ப் பேச்சு, உலகப் பேச்சு. டீ நல்லாருக்குலேன்னு ஒரு வார்த்தை அவன்கிட்டச் சொல்லாம வந்துட்டேன்.